மேடம் சாப்பிட்டாச்சு

என் வீட்டுக்காரர் பேசமாட்டார். ஊமை இல்லை, கோபக்காரரும் இல்லை. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று சின்ன வயதில் யாரோ சொல்லி வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். கல்யாணமான புதிதில் இதை அடக்கம் என்று நினைத்தேன். ஆறு மாதம் போனதும் அழுத்தம் என்று நினைத்தேன். அப்புறம் நினைப்பதையே விட்டுவிட்டேன். என் தம்பி மட்டும் அவருக்குக் கல்லுளிமங்கன் என்று பெயர் வைத்திருந்தான். அவர் முகத்துக்கு நேராக மாமா என்பான், முதுகுக்குப் பின்னால் இது.

ஒரு பதினாறு மாடி அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் மெக்கானிக் அவர். நாலு லிஃப்டும் நிற்காமல் ஓடுவது இவர் கையில். ஒருநாள் துவைக்கப் போட்ட சட்டையில் புகை வாடை அடித்தது. என்னங்க இது என்று கேட்டேன்.

"நெருப்பு" என்றார்.

"எங்க?"

"ஆபீஸ்ல."

"எப்போ?"

"முந்தாநாள்."

ஆறாவது மாடியே புகை மண்டி, ஆட்களை எல்லாம் படி வழியாக இறக்கியிருக்கிறார்கள். இவரும் இறக்கியிருக்கிறார். வீட்டுக்கு வந்து கைகால் கழுவி, சாப்பிட்டு, தூங்கியிருக்கிறார். இரண்டு நாளாக என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நானோ சலவைக் கடையில் வேலை பார்க்கிறவள். துணி வாங்குகிற மேசை என்னுடையது. அங்கே உட்கார்ந்திருந்தால் ஊர் வம்பு தானாக வந்து மடியில் விழும். கறை எப்படிப் பட்டது என்று கதை சொல்லாமல் ஒருத்தரும் கோட்டைக் கழற்றிக் கொடுக்கமாட்டார்கள். அதிலும் ஒரு வக்கீல் இருக்கிறார், ஒரு காப்பிக் கறைக்கு ஒரு வழக்கின் நீளத்துக்குப் பேசுவார். நாள் முழுக்க இதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால் சொல்ல எனக்கு ஆயிரம் இருக்கும். நான் சொல்வேன். அவர் தட்டைப் பார்த்தபடி சாப்பிடுவார். மகனும் மகளும் வீட்டில் இருந்தவரை குறை தெரியவில்லை, இரண்டும் என்னைக் கொண்டு பிறந்த வாயாடிகள். வேலை கிடைத்து அவர்கள் வெளியூர் போன பிறகு எனக்குப் பேச்சுத் துணை என்று இருந்தது ஃபிரிட்ஜ் மட்டும்தான். அதுவாவது இடையிடையே உறுமும்.

அப்படிப்பட்ட மனிதர் ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது, நான் ஒன்றும் கேட்காமலே, "ஒரு பறவை வந்திருக்கு" என்றார்.

கரண்டி என் கையில் அப்படியே நின்றது. புதுப் பூனை வாசலில் எட்டிப் பார்த்தால் நாம் எப்படி அசையாமல் இருப்போமோ அப்படி இருந்தேன். கொஞ்ச நேரம் விட்டு, சத்தம் போடாமல், "அப்புறம்?" என்றேன்.

அப்புறம் வந்தது. லிஃப்ட் மோட்டார் எல்லாம் இருக்கிற மெஷின் ரூம் மொட்டை மாடியின் மேல் இருக்கிறது. அதற்கு ஒரு ஜன்னல் உண்டு. இவர் அந்த ஜன்னல் பக்கமே போகமாட்டார். உயரம் என்றால் இவருக்கு அடிவயிறு கலங்கும். அதை ஒப்புக்கொள்ளாமல், "கீழ என்ன இருக்கு பார்க்க?" என்பார். அன்றைக்கு எங்கிருந்தோ இறகு இறகாகப் பறந்து வந்து மோட்டார் மேல் விழுந்திருக்கிறது. ஜன்னலை மூடலாம் என்று தவழ்ந்து போய் எட்டிப் பார்த்தால், கண்ணாடிக்கு அந்தப் பக்கம், சுவர் நீட்டி நிற்கிற விளிம்பில், ஒரு பறவை இவரையே பார்த்துக்கொண்டு நின்றதாம்.

"எப்படி இருந்துச்சு?"

"முதுகு மழை மேகம் மாதிரி நிறம். நெஞ்சு வெளுப்பு, குறுக்கால கோடு கோடா இருக்கு. தலையில கறுப்புத் தொப்பி. கன்னத்துல ரெண்டு பக்கமும் மீசை வழிஞ்ச மாதிரி கறுப்பு. கண்ணைச் சுத்தி மஞ்சள் வளையம். காலும் மஞ்சள்." இத்தனையும் சொல்லிவிட்டு மூச்சு வாங்கினார். அவ்வளவு சொற்களை ஒரே நேரத்தில் தூக்கிப் பழக்கம் இல்லை.

அடுத்த வாரம் பழைய புத்தகக் கடையில் ஒரு பறவைப் புத்தகம் வாங்கி வந்தார். அதில் அதற்குப் பொரி வல்லூறு என்று பெயர் போட்டிருந்தது. அவர் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. மேடம் என்றார். "உக்கார்ற தோரணையைப் பார்த்தா வேற எப்படிக் கூப்பிடறது?" என்று கேட்டார். மேடத்தின் ஜோடி வந்தபோது அது தானாகவே சார் ஆகிவிட்டது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பேச்சுதான். மலை முகட்டில், செங்குத்துப் பாறையில் குடியிருக்க வேண்டிய பறவை அது. ஊருக்குள் அதற்கு உயரமான கட்டடம்தான் மலை. கீழே தெருவெல்லாம் புறா, அதனால் சாப்பாட்டுக்கும் குறையில்லை. கூடு என்று ஒன்று கட்டாது. விளிம்பில் கிடந்த சரளைக் கல்லில் நெஞ்சை அழுத்தி அழுத்தி ஒரு குழி செய்துகொண்டது, குடித்தனம் முடிந்தது. "சட்டி பானை, பாய் தலையணை ஒண்ணும் இல்லாம இப்படி ஒரு வீடு கிடைச்சா நானும்தான் சந்தோஷமா இருப்பேன்" என்றேன். அவர் சிரித்தார். பல் தெரிந்தது.

"சார் மேடத்தைவிடச் சின்னவர். மூணுல ரெண்டு பங்குதான் இருப்பார்" என்றார் இன்னொரு நாள். "வேட்டையாடிக் கொண்டு வர்றது பெரும்பாலும் அவர்தான். மேடம் ஆகாயத்துலயே எதிர்ல போய், தலைகீழாப் புரண்டு, அவர் கால்லேர்ந்து வாங்கிக்குவாங்க. வாங்கிட்டு ஒரு சத்தம் போடுவாங்க."

"என்ன சத்தம்?"

என் வீட்டுக்காரர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, கழுத்தை நீட்டி, "கெக் கெக் கெக் கெக்" என்று கத்திக் காட்டினார். பக்கத்து வீட்டில் விளக்கு எரிந்தது. கொண்டு வந்து கொடுத்தவனையே அதட்டுகிற ஒரு பெண் உலகத்தில் இருக்கிறாள் என்று கேட்டதும் எனக்கு மேடம் மேல் தனி மரியாதை வந்தது.

அது பாய்வதை அவர் கையால் காட்டுவார். கையை மெல்ல மெல்ல மேலே கொண்டு போவார், தலைக்கு மேல் நிறுத்துவார், விரல்களைச் சேர்த்து இறக்கையை மடக்குவார், அப்புறம் கை உப்புக் கிண்ணத்தின் மேல் விழும். "மணிக்கு முந்நூறு கிலோமீட்டர். உலகத்துல வேற எந்தப் பிராணிக்கும் இந்த வேகம் கிடையாது." உப்பு மேசை முழுக்கக் கொட்டிக் கிடக்கும். தினமும் துடைப்பேன். ஒரு கிண்ணம் உப்பு என்ன, ஒரு மூட்டை உப்பு கொட்டினாலும் துடைத்திருப்பேன். இருபத்தாறு வருஷம் கழித்து என் புருஷன் என்னோடு பேசுகிறார். எனக்கு அந்தச் சந்தோஷம் இங்கே நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டது.

இப்போது என் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் தையல்காரன். கடை கீழே, வீடு மேலே, அதற்கும் மேலே மொட்டை மாடியில் பந்தயப் புறா. கல்யாணம் செய்துகொள்ளாததற்குக் காரணம் கேட்டால் இடமில்லை என்பான். புறாக்களுக்கு அவன் வைக்கிற பெயர் எல்லாம் துணிப் பெயர். பாப்ளின், லினன், ஜார்ஜெட், வெல்வெட். எல்லாருக்கும் மேலே சாட்டின். வரப்போகிற பெரிய பந்தயத்தில் சாட்டினை விட்டு, வருஷா வருஷம் ஜெயித்துக்கொண்டிருக்கிற பேக்கரிக்காரரின் மூக்கை உடைப்பது என்பது அவன் வாழ்க்கையின் குறிக்கோள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவனுக்கு எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. அந்த ஞாயிற்றுக்கிழமை பேயறைந்தவன் போல வந்தான்.

"பாப்ளின் வரல அக்கா."

"வந்துடும்டா. எங்கயாவது வழி தப்பியிருக்கும்."

அடுத்த ஞாயிறு லினன். அதற்கடுத்து ஜார்ஜெட். பூனை என்றான், மின்கம்பி என்றான், கடைசியில் பேக்கரிக்காரர்தான் ஆள் வைத்துப் பிடிக்கிறார் என்று முடிவு கட்டினான். வாரம் முழுக்க கெக் கெக் என்று வீட்டை அதிர வைத்த என் வீட்டுக்காரர், தம்பி வந்து உட்கார்ந்ததும் பழையபடி தட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். பழைய வியாதி திரும்பிவிட்டதோ என்றுதான் நான் பயந்தேன். வேறு கணக்கு எனக்குத் தோன்றவே இல்லை.

துணி கைக்கு வந்தால் நான் முதலில் பையைத் துழாவுவேன், அது தொழில் புத்தி. திங்கட்கிழமை அவருடைய காக்கிக் கால்சட்டையைத் துழாவியபோது ஒரு திருகாணியும், ஒரு சின்ன அலுமினிய வளையமும் வந்தன. புறாவின் காலில் மாட்டுகிற வளையம். அதன் மேல் நீல நகப்பூச்சு. அந்த நீலம் உலகத்தில் வேறு யாரிடமும் இருக்க முடியாது. என் மகள் ஆசையாக வாங்கி, பூசிப் பார்த்து, செத்தவள் விரல் மாதிரி இருக்கிறது என்று தூக்கிப் போட்டது அது. தன் புறாவுக்கு அடையாளம் வைக்க ஆகும் என்று தம்பி வாங்கிப் போனான்.

இரவு சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வளையத்தை வைத்தேன். அவர் திருதிருவென்று விழித்தார்.

"இது பாப்ளினா, லினனா?"

கொஞ்ச நேரம் மென்று விழுங்கிவிட்டு, "ஜார்ஜெட்" என்றார்.

எழுந்து போய், பரண் மேலிருந்து ஒரு பழைய சவர சோப்பு டப்பாவை எடுத்து வந்தார். உள்ளே மற்ற வளையங்கள் இருந்தன. மேடம் சாப்பிட்டு மிச்சம் போட்ட காலோடு விளிம்பில் கிடந்தவை. உயரத்துக்குப் பயந்தவர், ஜன்னல் கம்பியை ஒரு கையால் கட்டிப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, மறு கையால் துழாவித் துழாவி எடுத்திருக்கிறார்.

"தூக்கிப் போட வேண்டியதுதானே?"

"எப்படிப் போடறது? மாப்ள பிள்ளை மாதிரி வளர்த்தது."

"அப்போ சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா மேனேஜர்கிட்ட போவான்."

போவான்தான். கட்டட மேனேஜரை எனக்குத் தெரியும். ஒரு பூத்தொட்டியைப் பார்த்தாலே அபாயம் என்பவர். துடைப்பத்தோடு ஆள் அனுப்பி விளிம்பைச் சுத்தம் செய்துவிடுவார். அப்போது மேடம் செங்கல் நிறத்தில் மூன்று முட்டை வைத்து அடைகாத்துக்கொண்டிருந்தது.

நான் யோசித்தேன். நிறைய யோசிக்கவில்லை. தம்பியா புருஷனா என்றால் கஷ்டமான கேள்வி. தம்பியின் புறாவா, என் வீட்டுப் பேச்சா என்றால் அது அவ்வளவு கஷ்டம் இல்லை. மேடம் போனால் இவர் வாயும் கூடவே போய்விடும், மறுபடியும் நானும் ஃபிரிட்ஜும்தான். புறா பாவம்தான், தம்பியும் பாவம்தான். நானும் பாவம் என்று யாராவது நினைத்தார்களா?

"இருக்கிற புறாவையாவது காப்பாத்தணும்" என்றேன். "மேடம் எப்போ வேட்டைக்குப் போவாங்க?"

"சார் சின்னக் குருவியாக் கொண்டு வந்தா அவங்களுக்குப் பத்தாது. சாரை முட்டை மேல உக்கார வெச்சுட்டு அவங்களே கிளம்பிடுவாங்க. ஆனா வயிறு நிறைஞ்சா அசைய மாட்டாங்க. மணிக்கணக்கா ஒரே இடம்தான்."

"அப்போ அவங்க சாப்பிட்டதும் எனக்கு ஒரு போன் பண்ணுங்க."

அவர் எனக்குப் போன் செய்ததே கிடையாது. மகள் பிறந்தபோதுகூட ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து கேட்கவில்லை, பக்கத்துக் கட்டில்காரியின் கணவர்தான் போய் அவருக்குச் சொன்னார். ஆனால் மறுநாள் சலவைக் கடைப் போன் அடித்தது.

"மேடம் சாப்பிட்டாச்சு" என்றார். வைத்துவிட்டார்.

உடனே தம்பியைக் கூப்பிட்டேன். "டேய், இப்போ காத்து நல்லா இருக்கு. புறாவ விடு."

"உனக்கு எப்படி அக்கா காத்து தெரியும்?"

"நாள் முழுக்க ஈரத் துணியோட இருக்கறவளுக்குக் காத்து தெரியாதா?"

நம்பிவிட்டான். மேடம் பசியோடு இருக்கிற நாளில் காற்று சரியில்லை என்பேன், புறா உள்ளேயே இருக்கும். மேடம் சாப்பிட்டால் காற்று திரும்பிவிடும். ஒரு புறாவும் அதற்குப் பிறகு தொலையவில்லை. அக்கா வாக்கு பொய்க்காது என்று தம்பி மற்றப் புறாக்காரர்களிடம் அளந்து, அவர்களில் ஒருத்தர் மகள் கல்யாணத்தன்று மழை வருமா என்று கேட்டுக்கொண்டு கடைக்கே வந்துவிட்டார். வராது என்றேன். நல்லவேளை, வரவில்லை.

இந்தப் பக்கம் வக்கீலுக்கு மூக்கில் வேர்த்தது. "தினமும் போன் வருது. மேடம் சாப்பிட்டாச்சுன்னு சொல்றாங்க. நீங்க முகமெல்லாம் சிரிப்பா இருக்கீங்க. யாரும்மா அந்த மேடம்?" என்று கேட்டார்.

"வீட்டுக்காரர் ஆபீஸ்ல பெரிய இடத்துல இருக்காங்க சார்" என்றேன். பொய் இல்லை.

முட்டை பொரிந்தது. வெள்ளைப் பஞ்சு உருண்டை மாதிரி மூன்று குஞ்சு. அன்று இரவு அவர் பேசியதை எழுதினால் ஒரு புத்தகம் ஆகும். மேடம் குஞ்சுகளை விட்டு நகராமல் இறகுக்குள் வைத்துக்கொண்டிருந்தது, சார் ஓடி ஓடிக் கொண்டு வந்து கொட்டினார். எங்கள் ஏற்பாட்டுக்கு ஒரு குந்தகமும் இல்லை. குஞ்சுகள் கொஞ்சம் பெரிதாகின. பந்தயமும் நெருங்கியது.

அப்படி ஒருநாள் போன் வந்தது. "மேடமே வேட்டைக்குப் போய் ஒரு பெரிய தெருப்புறா கொண்டு வந்தாங்க. ஒண்ணும் மிச்சம் இல்ல. மேடம் சாப்பிட்டாச்சு." நான் தம்பியைக் கூப்பிட்டு, இன்றைக்கு மாதிரி காற்று கிடைக்காது என்றேன். அவன் சாட்டினோடு சேர்த்து எல்லாவற்றையும் திறந்துவிட்டான்.

அரை மணி நேரத்தில் கடைக்குள் வந்து நின்றான். கழுத்தில் அளவு நாடா தொங்கியது, கையில் பெரிய கத்தரிக்கோல், வெட்டிக்கொண்டிருந்தபடியே ஓடி வந்திருக்கிறான். வரிசையில் நின்ற வக்கீல் தன் கோட்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஒதுங்கினார்.

"சாட்டின் போயிட்டா அக்கா" என்றான். "என் கண்ணு முன்னாடி. மேலேர்ந்து ஒண்ணு விழுந்துச்சு. பாயலை, விழுந்துச்சு. சாட்டின் ஒதுங்கிட்டா. மறுபடி மேல போய் விழுந்துச்சு. மறுபடியும் ஒதுங்கிட்டா. மூணாவது தடவைதான்…" மூக்கை உறிஞ்சிவிட்டு, "எங்க போச்சுன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். மாமா கட்டடத்து உச்சியில போய் உக்காந்துச்சு. மேனேஜர் எந்த மாடி?" என்றான்.

கடையை வக்கீல் பார்த்துக்கொள்வார் என்று சொல்லிவிட்டு அவன் பின்னாலேயே ஓடினேன். வாசலில் செக்யூரிட்டி கத்தரிக்கோலை வாங்கி வைத்துக்கொண்டு, மேனேஜர் மூன்றாவது மாடி என்றார். தம்பி லிஃப்டுக்குள் ஏறி மூன்றை அழுத்தப் போனான், நான் குறுக்கே புகுந்து பதினாறை அழுத்தினேன்.

"மேனேஜர்கிட்ட அப்புறம் போகலாம். முதல்ல மாமாவப் பாரு."

"அந்தக் கல்லுளிமங்கன்கிட்ட என்ன கேட்டு என்ன பதில் வரப்போவுது?"

லிஃப்டாவது நடுவில் நின்று தொலையக்கூடாதா என்றிருந்தது. என் வீட்டுக்காரர் பராமரிக்கிற லிஃப்ட், அது எதற்கு நிற்கும்? வழுக்கிக்கொண்டு மேலே போய்ச் சேர்ந்தது.

அங்கிருந்து படியேறிப் போனால், மெஷின் ரூமில் அவர் ஜன்னலுக்குக் கீழே முட்டி போட்டு உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. தம்பி அவரைத் தாண்டிப் போய் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டான். நானும் அன்றைக்குத்தான் முதல் முதலாக மேடத்தைப் பார்த்தேன். அவர் கையால் காட்டியதைவிடப் பெரியது, மீசையைவிடக் கண்தான் பயமுறுத்தியது. மூன்று குஞ்சுகளும் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. மேடம் காலால் இரையை மிதித்துக்கொண்டு, அலகால் நூல் நூலாகக் கிழித்து, ஒவ்வொரு வாயாக, முகத்தைச் சாய்த்து, அவ்வளவு பதமாக ஊட்டிக்கொண்டிருந்தது. மிதித்த காலுக்குப் பக்கத்தில் நீல வளையம் தெரிந்தது.

"அவங்க சாப்பிட்டாங்கன்னு சொன்னீங்களே" என்றேன் அடிக்குரலில்.

"கொண்டு வந்தாங்க. தீர்ந்துடுச்சு. சாப்பிட்டாங்கன்னு நினைச்சேன்."

"அவங்க வாயில போச்சா, பார்த்தீங்களா?"

யோசித்தார். "இல்ல. எல்லாம் குஞ்சுங்கதான்."

பிள்ளைகள் தட்டு காலியானால் அம்மா சாப்பிட்டதாகக் கணக்கு வைத்துக்கொள்கிற இந்த ஆம்பிளைப் புத்தியை நான் என்ன சொல்ல? எனக்காவது தெரிந்திருக்க வேண்டாமா? சட்டியில் மிச்சம் இல்லாத நாளில் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்தவள்தானே நானும். அந்த நேரத்தில் தம்பிக்காக அழுவதா, மேடத்துக்காக அழுவதா, இந்த மனிதரை உலுக்குவதா என்று புரியாமல் நின்றேன்.

தம்பி மெதுவாகத் திரும்பினான். "மாமா, உங்களுக்கு இது முன்னாடியே தெரியும்." பிறகு என்னைப் பார்த்தான். எல்லாம் ஒவ்வொன்றாக அவன் முகத்தில் விழுவது தெரிந்தது. "காத்து. நீ சொன்ன காத்து."

"ஆமாடா" என்றேன். "உன் மாமா இது வந்ததுலேர்ந்துதான் வீட்டுல பேசறாரு. அது போயிடக்கூடாதுன்னுதான் உன்கிட்ட பொய் சொன்னேன்."

அவன் கோபத்தை அப்படியே நிறுத்திவிட்டு, "மாமா பேசறாரா?" என்றான். அன்றைக்கு அவன் பார்த்த அதிசயங்களில் அதுதான் பெரியது போலிருக்கிறது. "என்கிட்ட பேசினதே இல்லையே."

என் வீட்டுக்காரர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். எழுந்து, கீழே பார்த்தார். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே பார்த்தார்.

"மாப்ள, உன் மொட்டை மாடி இங்கேர்ந்து தெரியும்" என்றார். "பயந்துக்கிட்டேதான், தினமும் பார்ப்பேன். சாட்டின் எப்பவும் இடப்பக்கமாத்தான் திரும்புவா. திரும்பறதுக்கு முன்னாடி ஒரு தடவை இறக்கையை அடிக்காம மிதப்பா. இந்த ஊர்ல வேற எந்தப் புறாவும் மேடத்தை ரெண்டு தடவை ஏமாத்தினதில்ல. எல்லாம் முதல் பாய்ச்சல்லயே போயிடும். நான் இங்க நின்னு, தப்பிச்சுடு தப்பிச்சுடுன்னு கத்தினேன். அவளுக்குக் கேட்டிருக்காது." ஜன்னலிலிருந்து திரும்பி அவனைப் பார்த்தார். "என் தப்புதான் மாப்ள."

தம்பி அளவு நாடாவின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அந்தப் புறாக்களைப் பற்றி வீட்டில் நாங்கள் யாருமே ஒரு வார்த்தை அக்கறையாகக் கேட்டதில்லை. அவன் பேச ஆரம்பித்தால் நானே அடுக்களைக்குள் போய்விடுவேன். அவனுடைய புறா எந்தப் பக்கம் திரும்பும் என்று இன்னொரு மனிதனுக்குத் தெரியும் என்பதை அவனால் தாங்க முடியவில்லை.

"ரெண்டு தடவை ஏமாத்தினா இல்ல மாமா?"

"ரெண்டு தடவை. நான் பார்த்தேன்."

"அப்புறம்?"

"அப்புறம், நீ வெல்வெட்டைக் குறைச்சு எடை போட்டுட்ட. கூட்டத்துல கடைசியாத்தான் வருவா. ஆனா எதிர்க்காத்து அடிச்சா அவதான் முன்னாடி. நீ மாடியில தலையக் குனிஞ்சு தானியம் போட்டுக்கிட்டு இருப்ப, உனக்குத் தெரியாது."

"வெல்வெட்டா?" என்று தம்பி மெஷின் ரூம் கருவிப் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டான். இரண்டு பேரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். மேனேஜர் எந்த மாடி என்று அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. அன்று இரவு வீட்டில், பரண் மேலிருந்த டப்பாவில் சேர்த்து வைத்த எல்லா வளையங்களையும் அவர் ஒரு காகிதத்தில் பொட்டலம் கட்டி அவனிடம் கொடுத்தார். தம்பி பிரித்துப் பார்த்தான். நீலத்துக்கு நடுவே சிவப்பு வளையங்களும் இருந்தன.

"இது பேக்கரிக்காரரோடது" என்றான். விரலால் ஒதுக்கி ஒதுக்கிப் பார்த்தான். சிவப்புதான் அதிகம். துக்க வீட்டில் சிரிப்பு வந்தவன் போல வாயை மூடிக்கொண்டான்.

குஞ்சுகள் பறக்கிறவரை அவன் புறாக்களை வெளியே பழக்கவில்லை. பந்தயத்தை அந்த வருஷம் வேறு திசையில் இருந்த ஊரிலிருந்து தொடங்கினார்கள், புறாக்கள் அந்தக் கட்டடத்துப் பக்கம் வர வேண்டியிருக்கவில்லை. எதிர்க்காற்று. வெல்வெட் இரண்டாவதாக வந்தது, பேக்கரிக்காரர் நான்காவது. ஞாயிற்றுக்கிழமைகளில் மாமனும் மாப்பிள்ளையும் சேர்ந்து உப்பைக் கொட்டிக்கொண்டு பேசினார்கள். நடுவில் ஒரு வார்த்தை நுழைக்க எனக்கு இடமில்லை. இருந்துவிட்டுப் போகட்டும் என்று துடைத்தேன்.

ஆனால் எனக்கு உள்ளூர உதறல்தான். குஞ்சுகள் பழுப்பு இறகு முளைத்து, விளிம்பில் நின்று இறக்கையை அடித்துப் பழகி, ஒவ்வொன்றாகப் பறந்தன. கொஞ்ச நாள் மேடமும் சாரும் ஆகாயத்திலேயே இரையை நழுவவிட்டு அவற்றைப் பிடிக்கச் சொல்லிப் பாடம் நடத்தினார்களாம். பிறகு ஒருநாள் விளிம்பு காலி. அன்று இரவு அவர், "போயிட்டாங்க" என்றார். நான் "அப்புறம்?" என்றேன். அப்புறம் ஒன்றும் இல்லை. தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டார். உப்புக் கிண்ணம் வைத்த இடத்திலேயே இருந்தது. ஃபிரிட்ஜ் உறுமியது. பாத்திரம் தேய்க்கிற சாக்கில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

மறுநாள் கடையில் கூட்டம். வக்கீல் ஒரு புதுக் கறையோடு வந்து கதையை ஆரம்பித்திருந்தார். வழக்கமான நேரத்துக்குப் போன் அடித்தது. யாரோ வாடிக்கையாளர் என்று எடுத்தேன்.

"நான்தான்" என்றார் என் வீட்டுக்காரர்.

"என்னங்க, திரும்பி வந்துட்டாங்களா?"

"இல்ல." சும்மா இருந்தார். மோட்டார் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. "ஏழாவது மாடியில ஒருத்தர் லிஃப்ட்ல குடைய விட்டுட்டுப் போயிட்டார்" என்றார்.

"ம்."

"நல்ல குடை."

"ம்."

மறுபடியும் மோட்டார் சத்தம். வைத்துவிடுவார் என்று நினைத்தேன்.

"நீ சாப்பிட்டியா?" என்றார்.

வக்கீல் கோட்டை நீட்டிக்கொண்டு நின்றார். நான் கையைக் காட்டி அவரை நிற்கச் சொல்லிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"இன்னும் இல்லீங்க" என்றேன்.

"நம்ம பிள்ளைங்க வெளியூர் போயாச்சு. மிச்சம் வெக்க இப்போ யாரும் இல்ல" என்றார் அவர். "போய்ச் சாப்பிடு. சாப்பிட்டுட்டு எனக்கு ஒரு போன் பண்ணு."